கறுப்புத் தாளில் ஓர் அத்தா

லப்பைக்குடிக்காடு,
6 ஜூலை 2025.

பேரன்பிற்குரிய கணவர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் நம் மகள் மர்ஜியாவும் நலம். ஷார்ஜா வெயிலில் தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது என அறிய ஆவல். அன்றாடம் கைப்பேசியில் பேசிக்கொள்ளும்போது கடிதம் எதற்கு என்று சென்ற முறையும் கேட்டீர்கள். கைப்பேசியை எடுத்தால் மர்ஜியா வாங்கிக்கொள்கிறாள். நான் தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. மேலும், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நூலகத்தில் அமர்ந்து சேர்த்த தமிழை எங்கேதான் செலவழிப்பது? விடுமுறை முடிந்து அங்கு திரும்பும் தங்கள் அறைத் தோழர் மதார் அண்ணனிடம் இதனைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரம்பலூர் கண்காட்சியில் மர்ஜியாவின் ‘எங்கள் வீடு’ முதல் பரிசு பெற்ற செய்தியையும் படத்தையும் முன்பே அனுப்பிவிட்டேன். தாங்கள் அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியின் அட்டையில்தான் அவள் அந்த வீட்டைக் கட்டினாள். மைதாப் பசை, பழைய துணித் துண்டுகள், ஐஸ் குச்சிகள் தவிர, கடையில் வாங்கிய பொருள் ஏதுமில்லை. சனிக்கிழமைதோறும் கைவினை செய்ய நம் கூடத்தில் கூடும் பிள்ளைகளின் தாய்மாரிடம் நான் ஓயாது சொல்வது தங்களுக்குத் தெரியும்: அட்டையைக் கொடுங்கள், பசையைக் கொடுங்கள், பிறகு உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று. பக்கத்து வீட்டு அனஸ் ஐந்து கால் யானை செய்தான். ஏன் என்று அவன் அம்மா கேட்டதற்கு, “ஒரு காலு ஒடஞ்சா ஸ்பேர் வேணாமா?” என்றான். அந்த யானையும் கண்காட்சிக்குப் போய், ஆறுதல் பரிசோடு திரும்பியது.

மர்ஜியா பரிசாகப் பெற்ற கேடயத்தைக் கண்ட கவியா என்னும் ஆசிரியை, அரியலூரில் தம் பள்ளித் தாய்மார் கூட்டத்தில் உரையாற்ற என்னை அழைத்திருக்கிறார். ‘வீட்டில் எளிய கைவினையின் வழியே குழந்தைகளின் கற்பனையை வளர்த்தல்’ என்பது பொருள். ஆகஸ்டு இறுதியில் கூட்டம். உரையை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன்.

மர்ஜியாவின் வீட்டில் நான் ஓரிரு சிறு திருத்தங்கள் செய்தேன் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். அவை குறிப்பிடத்தக்கவை அல்ல. கண்காட்சிக்குப் பின் அவள் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. களைப்பாக இருக்கலாம்.

தங்கள் அன்பு மனைவி,
சாகிரா.


ஷார்ஜா,
20 ஜூலை 2025.

என் சாகிராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மதார் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தான். ‘குறிப்பிடத்தக்கவை அல்ல’ என்ற இடத்தில் நின்று, “ஏன்டா சலாம், உன் பொண்டாட்டி கலெக்டர் ஆபீஸ்லயா வேலை பாக்குது?” என்று கேட்டான். படிக்கக் கொடுத்தது என் தப்பு.

வீட்டின் படத்தை அச்செடுத்துக் கடையில் கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். சாமான் வாங்க வரும் மலையாளி, வங்காளி எல்லாருக்கும் காட்டிவிட்டேன். கூரை எவ்வளவு நேராக வைத்திருக்கிறாள்! அதைவிட வாசலில் நிற்கிற அந்தப் பொம்மை ஆள். வெள்ளைச் சட்டை, கறுப்பு நூலில் தாடி. சென்ற முறை ஊருக்கு வந்தபோது பெருநாள் தொழுகைக்கு நான் போட்டுப் போன சட்டை அது. நான் வாசலில் நிற்பது பிள்ளைக்கு நினைவிருக்கிறதே என்று கடை சாத்தும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் என்னை யாரும் இப்படி எதிர்பார்ப்பதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஃபோனில் அவளிடம், “அத்தா பொம்மைய எப்படிம்மா செஞ்ச?” என்று கேட்டேன். “அம்மாட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் நான் பார்த்ததெல்லாம் நம் அடுப்படிச் சுவர்தான். வெட்கப்படுகிறாளா? இல்லை, ஏதாவது திட்டினாயா? கத்தரிக்கோலைத் தொடவில்லை என்று நீ எழுதியதும் மனதில் நிற்கிறது. மறைக்காமல் எழுது.

உன்,
அப்துல் சலாம்.


லப்பைக்குடிக்காடு,
3 ஆகஸ்டு 2025.

மரியாதைக்குரிய கணவர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதத்தைப் படித்த நாள் முதல் இதனை எழுதவும் கிழிக்கவுமாக இருந்தேன். அந்தப் படத்தைக் கல்லாவுக்கு மேலிருந்து எடுத்துவிடுங்கள். வாசலில் நிற்பவரை மர்ஜியா செய்யவில்லை. நான் செய்தேன்.

அவள் கட்டிய வீட்டின் ஒரு சுவர் வெளிப்புறம் சரிந்திருந்தது. சன்னலைப் பெரிதாக வெட்டிவிட்டதால் கூரையும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண்காட்சிக்கு முதல் நாள் மாலை அவள் மதரஸாவுக்கு ஓதப் போயிருந்த வேளையில், சுவரை மட்டும் நிமிர்த்துவோம் என்று அமர்ந்தேன். சுவர் நிமிர்ந்ததும் கூரை கண்ணை உறுத்தியது. அளவுகோலை வைத்து வேறு கூரை வெட்டினேன். பிறகு உள்ளே பார்த்தேன்.

அடுப்படியில் ஐஸ் குச்சியால் என்னைச் செய்து நிறுத்தியிருந்தாள். தன்னை எனக்கு அருகில் வைத்திருந்தாள். எதிரே, தீப்பெட்டியால் செய்த சர்க்கரை டப்பாவின் மேல் ஒரு கறுப்புத் தாள் துண்டு சாய்ந்திருந்தது. அதில் வெள்ளைப் பென்சிலால் ஒரு வட்ட முகம். நாம் பேசும்போது கைப்பேசியைச் சாய்த்து வைப்போமே, அவ்வாறு. அதுதான் தாங்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. பெரம்பலூரில் நான்கு பேர் பார்த்து, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இப்படித்தானா என்று கேட்பார்களே என்று தோன்றியது. அந்தத் துண்டை எடுத்துவிட்டு, தங்கள் பழைய கைக்குட்டையைக் கத்தரித்துச் சட்டை தைத்து, வாசலில் ஓர் ஆளை நிறுத்தினேன். கறுப்புத் தாளை வெட்டிய துண்டுகளோடு கூட்டி வெளியே கொட்டினேன். காலையில் பார்த்துவிட்டு அவளே அதைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினாள். பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அனஸ் செய்த யானையின் ஐந்தாவது காலை நான் தொடவில்லை. அந்த யானை என் பெயரைச் சொல்லாதல்லவா?

அங்கே நடுவர் அந்த ஆளைக் காட்டி யாரென்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “எங்க அத்தா” என்றாள். கைதட்டினார்கள். திரும்பும் பேருந்தில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“எங்க அத்தாவ எங்கம்மா போட்ட?”

அதான் வாசல்ல நிக்கிறாங்களே என்றேன்.

“அது யாரோ.”

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் பிள்ளைகள் நடுவே அவள் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். சென்ற வாரம் ஒரு தாளை என் முன் நீட்டி, “நீயே செஞ்சிரும்மா. அப்பத்தான் நல்லாருக்கும்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அரியலூருக்கு நாள் நெருங்குகிறது. என் மகளின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, பிள்ளைகளின் கைகளை அவிழ்த்துவிடுங்கள் என்று அங்கே எவ்வாறு பேசுவேன்? அவள் மீண்டும் ஒரு தாளைத் தானாக எடுத்து மடித்தால் போதும். வேறொன்றும் எனக்கு வேண்டாம். இறைவன் என்னை மன்னிப்பானாக, தாங்களும்.

தங்கள்,
சாகிரா.


ஷார்ஜா,
17 ஆகஸ்டு 2025.

சாகிராவுக்கு,

ஸலாம். படத்தை எடுத்துவிட்டேன். எங்கே காணோம் என்று ஒரு வங்காளிப் பையன் கேட்டான். காற்றில் பறந்துவிட்டது என்றேன்.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. இத்தனை நாள் எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேனே என்று. பிறகு பிள்ளைமேல் வருத்தம் வந்தது. அத்தா என்றால் அவளுக்கு ஒரு கறுப்புத் தாள்தானா என்று. இரண்டும் அடங்கிய பிறகு மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஃபோனில் பேசும்போது மூலையில் நம் முகம் சின்னதாகத் தெரியுமே, நான் பாதி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். முடி கொட்டியிருக்கிறதா, களைப்புத் தெரிகிறதா என்று. அவள் அங்கே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். நான் “ம்ம்” கொட்டுவேன். அந்த வட்ட முகத்துக்கு அவள் காது வரைந்திருந்தாளா? உனக்கு நினைவிருந்தால் எழுது. இல்லை, வேண்டாம், எழுதாதே.

இந்த வருசமும் லீவு கேட்டேன். ஆள் இல்லை, அடுத்த பெருநாளுக்குப் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வாசலில் ஆளை நிறுத்தும் வேலையை நீ செய்யும்படி ஆனது என்னால்தான். உன்னை மன்னிக்க நான் யார்?

அரியலூரில் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்காதே. அது அவள் கட்டிய வீடு. அவளைக் கேள். அவள் சொல்கிறபடி செய். அது மட்டும்தான் எனக்குத் தோன்றுகிறது.

உன்,
சலாம்.


லப்பைக்குடிக்காடு,
7 செப்டம்பர் 2025.

அன்பிற்குரிய கணவர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் சொன்னபடி மர்ஜியாவைக் கேட்டேன். தாங்கள் சொன்னபடி நடக்கவில்லை. அதனை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அரியலூருக்குப் புறப்படும் நாள் காலையில் தலை பின்னிக்கொண்டே கேட்டேன்: அம்மா செய்ததை அங்கே மேடையில் சொல்லட்டுமா என்று. அவள் உடனே, “சொல்லாதம்மா” என்றாள். ஏன் என்றதற்கு, கேடயத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், பள்ளியில் எல்லாரும் கேட்பார்கள் என்றாள். சரி என்று தலையை அசைத்தேன். ஆனால் என் பொய்யைக் காக்கும் வேலையையும் பிள்ளை ஏற்றுக்கொண்டாளே என்ற நினைவில், போட்ட பின்னலையே அவிழ்த்து மீண்டும் போட்டேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து ஊர்ந்து அரியலூர் போய்ச் சேரும் வரை அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் நிறைய தாய்மார்கள். முன்வரிசையில் கவியா ஆசிரியைக்குப் பக்கத்தில் மர்ஜியா. எழுதிச் சென்ற உரையின் முதல் பத்தியைப் படித்தேன். ‘குழந்தையின் கை தவறினாலும் அது குழந்தையின் கையே’ என்று நானே எழுதியிருந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. தாள்களை மடித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், கூரை, கறுப்புத் தாள், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு இலேசானது. அவள் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

முடித்ததும் வீரம்மாள் என்னும் ஒரு தாய் எழுந்து, “பிள்ளைவொ செஞ்சா கோணலாத்தானங்க இருக்கும்? நாலு பேரு பாக்கயில நமக்குத்தானங்க அசிங்கம்?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, “கோணலாத்தாங்க இருக்கும். அதத் தாங்கிக்க எனக்குத் தெரியலங்க” என்றேன். கவியா ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நேர்மை என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். மறைக்காமல் எழுதுகிறேன்: அந்தச் சொல் எனக்கு இனித்தது.

பேருந்தில் மர்ஜியா என் பக்கத்தில் அமரவில்லை. முன்னிருக்கைக்குப் போய்விட்டாள். பெரம்பலூரில் இறங்கி அடுத்த பேருந்துக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“அது என் வூடு. பிச்சதும் நீதான், ஒட்டுனதும் நீதான். இப்ப ஊருக்கெல்லாம் சொன்னதும் நீதான். சொல்லாதன்னு நான் சொன்னேன்ல? அப்புறம் எதுக்கு என்னையக் கேட்ட?”

இத்தனை நூல்கள் படித்தும் அந்தப் பேருந்து நிலையத்தில் எனக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. உண்மையைச் சொல்கிறேன் என்று எண்ணி, அவள் கையிலிருந்து இன்னொன்றையும் நான் பிடுங்கியிருக்கிறேன். அவளுடைய அத்தாவை எடுத்தேன். பிறகு அவளுடைய துயரத்தையும் எடுத்துக்கொண்டு போய் மேடையில் வைத்துக் கைதட்டல் வாங்கினேன். முதல் தவறையாவது அவளுக்குத் தெரியாமல் செய்தேன். இரண்டாவதை அவள் எதிரிலேயே செய்தேன்.

கேடயத்தை மறுநாள் நான் திருப்பி அனுப்பவில்லை. அது வீட்டில் இருப்பதும் போவதும் அவள் விருப்பம் என்று மட்டும் சொன்னேன். சில நாள் கழித்து, பள்ளிக்குப் போகும்போது அதைப் பையில் வைத்துத் தன் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்பது தங்களுக்குத் தெரியும்.

என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு, பள்ளி, ஓதப் போகும் நேரம், இவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் வருவதில்லை. எனினும் புதன்கிழமை மைதாவும் ஒரு கிண்ணமும் கேட்டாள். கொடுத்தேன். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் அட்டையைக் கத்தரிக்கும் ஓசை கேட்டது. பசையைத் தண்ணீராகக் கரைத்திருப்பாள், ஒட்டாதே என்று நாவின் நுனி வரை வந்தது. கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நேற்று அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, “நீ உள்ள வரக் கூடாது. நான் இல்லாதப்பயும் வரக் கூடாது” என்றாள். வர மாட்டேன் என்றேன். கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. அவள் இல்லாத நேரத்தில் அந்தக் கதவருகே செல்லாமலிருக்கிறேன். கூட்டுவதற்குக்கூட அவளே துடைப்பத்தை எடுத்துப் போகிறாள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் பேசும்போது என்ன செய்கிறாய் என்று அவளைக் கேட்காதீர்கள். அவளாகக் காட்டினால் பாருங்கள். பார்த்ததை எனக்குச் சொல்ல வேண்டாம்.

அவள் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

சாகிரா.