பொட்டில் வந்து நிற்கும் முள்

அன்புள்ள மாமா,

உங்கள் வண்டிக்கு ஆர்.பி.எம். மீட்டர் மாட்டிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்துபோய்விடுவீர்கள். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று முள் காட்டுமே, அந்த மீட்டர்தான்.

"வண்டி ஓட்டறவனுக்குக் காது இருந்தா போதும்டா மச்சான், கடிகாரம் எதுக்கு" என்பீர்கள். காது இருக்கிறவர் சொல்லலாம். மில்லில் தறிகளுக்கு நடுவே நின்றே வயதைத் தொலைத்தவன் நான். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதுவும் பக்கத்தில் வந்து பேசினால்தான்.

நீங்கள் போனதும் வண்டியை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் யோசனை சொன்னார்கள். ஓசியில் கிடைப்பது அது ஒன்றுதானே. தனம் அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அது அவரு ஓட்டுன வண்டி. வேற யார் கைக்கும் போவக் கூடாது. நீ ஓட்டு" என்றாள். அக்கா சொன்னால் நான் எப்போது மறுத்திருக்கிறேன்? சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோகிற உங்கள் வேலையை இப்போது நான் பார்க்கிறேன். உடம்பைக் கிடத்திவைக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தினமும் துடைக்கிறேன். அதில் நீங்களும் ஒரு நாள் படுத்திருந்தீர்கள் என்பதைத் துடைக்கும்போது நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

பெட்டியை இறக்குவது, பிளக்கைச் செருகுவது எல்லாம் வந்துவிட்டது. உங்கள் மாதிரி சத்தமில்லாமல் வருவதுதான் வரவில்லை. தெருமுனையிலேயே கியரை மாற்றிவிட்டு, எஞ்சின் முனகுவதுகூடக் கேட்காமல் வாசலில் வந்து நிற்பீர்கள். எனக்கோ எஞ்சின் கத்துகிறதா, கொஞ்சுகிறதா என்றே தெரியாது. பழைய வண்டி, உடம்பெல்லாம் ஆடுகிறது. அதில் எந்த ஆட்டம் எஞ்சினுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஒருவர் விடுவிடுவென்று வந்து என் காதருகே குனிந்தார். "ஏன்யா, பெத்தவள பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கோம். நீ இன்னா ரேஸ் வுடறியா?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. டவுனில் ஒரு சொல்தா வீடு, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வருகிற குடும்பம். அங்கே இருந்த வயதான அம்மா திட்டவில்லை. "முன்னாடி ஒருத்தர் வருவாரே, அவர் வந்தா வண்டி வந்ததே தெரியாது" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் வலித்தது.

அதனால்தான் உப்பளத்தில் எலெக்ட்ரீஷியன் சின்னப்பனிடம் போனேன். அக்காவையும் என் வீட்டுக்கு வரவழைத்து, அங்கிருந்தே வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். அவளைத் தனியாக விட மனம் வரவில்லை.

அக்கா சரியாக இல்லை, மாமா. காலையில் நீங்கள் கிளம்புகிற நேரத்துக்கு வாசல்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். வண்டி என் வீட்டு வாசலில் நிற்கும். அவள் வாசல் வெறுமையாக இருக்கும். ஆனாலும் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்கிறாள். சாப்பாடு பாதியாகிவிட்டது. சேலைக்குள் ஆள் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள், "நான் தட்டலடா. தட்டாம அவரு எப்படிடா போவாரு? நின்னுக்கிட்டுதான் இருக்காரு" என்றாள். இன்னொரு நாள், "என்ன கூட்டிக்கினு போவத்தான் நிக்கறாரு போல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அவள் தட்டுவது என்றால் என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் 'வரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. நீங்கள் ஒரு படி மேலே போய், பெட்டி ஏற்றிய வண்டியில் உட்கார்ந்துவிட்டால் சொந்த வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டீர்கள். எஞ்சினை ஓடவிட்டு வாசலில் காத்திருப்பீர்கள். அக்கா வந்து வண்டியின் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டுவாள். கண்டக்டர் ரைட் கொடுத்த மாதிரி கிளம்பிவிடுவீர்கள். உங்களுக்குக் கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன்.

அன்று காலையும் அப்படித்தான் வண்டி வாசலில் நின்றது. அக்கா பின்கட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு போகலாம் என்று இருந்துவிட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஈரக் கையோடு அவள் வந்தபோது உங்கள் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வண்டியை நிறுத்தக்கூட அவளுக்குத் தெரியவில்லை. நான் பைக்கில் பறந்துவந்து சாவியைத் திருப்பும் வரைக்கும் அது ஓடியது. உங்கள் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால், பெட்டிக்காகக் காத்திருந்த வீட்டுக்காரர்கள். "இன்னும் வரலியே" என்றார்கள்.

சின்னப்பனுக்கு வருகிறேன். "பெட்ரோல் வண்டின்னா இக்னிஷன் காயில்லேர்ந்தே வயர் எடுத்துடலாம்ணே. இது டீசலு, ஸ்பார்க் பிளக்கே கெடையாது. பேட்டரிக்குக் கரண்ட் குடுக்கற ஆல்டர்னேட்டரத் தொறந்துதான் எடுக்கணும்" என்றான். திறந்து, உள்ளே ஒரு வயரைப் பற்றவைத்து வெளியே இழுத்தான். புது மீட்டர் டேஷ்போர்டில் உட்காராது என்று காயலான் கடையிலிருந்து பழைய மீட்டர் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்திருந்தான். சுற்று எண்ணுகிற கைக்கருவி ஒன்றை எஞ்சின் முன்னால் காட்டிக் காட்டி, மீட்டருக்குப் பின்னால் இருக்கிற திருகைத் திருப்பி, ரெண்டும் ஒன்றையே சொல்லும்படி செய்தான். "ஒண்ணே ஒண்ணு. பழைய மீட்டரு, சாவிய ஆஃப் பண்ணாலும் முள்ளு சில நேரம் வுழாம அங்கயே நிக்கும். ரெண்டு தட்டு தட்டுங்க, வுழுந்துடும்" என்றான்.

அக்கா அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து எஞ்சின் பக்கம் வந்தாள். "இது அவரு சத்தம் இல்லயே. எறக்குங்க" என்றாள். சின்னப்பன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க டீசல் பம்பில் இருக்கிற திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் எறக்குங்க. இன்னும். ம்... போதும். இதான் அவரு."

சின்னப்பன் மீட்டரைப் பார்த்தான். "இவ்ளோ கீழ வெச்சா வண்டி நின்னுடும்மா. எந்த மெக்கானிக்கும் வெக்க மாட்டான்."

"அவருக்கு நிக்கலயே" என்றாள் அக்கா. பர்ஸைத் திறந்தாள். உள்ளே பழைய ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று இருந்தது. இப்போது அவள் பொட்டு வைத்துக்கொள்வதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்காது. சிவப்பில் ஒன்றை உரித்து, மீட்டர் கண்ணாடியில் முள் நின்ற இடத்துக்கு நேராக ஒட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். சின்னப்பன் பம்புத் திருகைப் பழைய இடத்துக்கே ஏற்றிவைத்தான். ஆகவே முள் இனிமேல் அந்தப் பொட்டுக்கு இறங்க வழியே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் வந்ததும் வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிபட்டது. முள் ஏறினால் காலை எடுத்துவிடுவேன், கியரை மாற்றுவேன். யாரும் முறைப்பதில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அந்தச் சொல்தா வீட்டுத் தெருவிலேயே இன்னொரு வீட்டில்தான் கவனித்தேன். வாசலில் போய் நின்றதும் முள் மெல்ல இறங்கியது. இறங்கி, பொட்டில் போய் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. சாவியை எடுத்தேன். முள் விழவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் பொட்டிலேயே நின்றது. கண்ணாடியில் ரெண்டு தட்டு தட்டினேன். விழுந்தது. சரி, பழைய மீட்டர் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சாவு வீட்டிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். பெட்ரோல் பங்கில், மார்க்கெட்டில், என் வீட்டு வாசலில் நிறுத்தினால் முள் சின்னப்பன் வைத்த இடத்திலேயே நிற்கும், சாவியை எடுத்தால் ஒழுங்காக விழும். சின்னப்பனிடம் போய்ச் சொன்னேன். "பெல்ட்டு லூசா இருந்தா முள்ளு எறங்கும்ணே" என்று பெல்ட்டை இறுக்கிக் கொடுத்தான். இறுக்கின பெல்ட்டுக்குச் சாவு வீடு எது, பங்கு எது என்று தெரியுமா மாமா? இதை நான் அவனிடம் கேட்கவில்லை. என் காது போனது ஊருக்கே தெரியும், மூளையும் போய்விட்டது என்று வேறு பேச வேண்டாமே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமில்லை. நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு நாசூக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது. போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று காலை முதலியார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. நீங்கள் போன நாளிலிருந்து வண்டி அந்த வாசலில் நின்றதே இல்லை, நான் பைக்கில்தான் போய்வருவேன். அன்றைக்கு அவளால் பைக்கில் உட்கார முடியாது என்று வண்டியை எடுத்துப் போனேன். வாசலில் நிறுத்தினேன்.

முள் இறங்கியது. பொட்டில் நின்றது.

சாவியை எடுத்தேன். விழவில்லை. தட்டினேன். விழவில்லை. விரல் வலிக்கிற வரைக்கும் தட்டினேன். சாவு வீட்டு வாசலில் மட்டும் நிற்கிற முள் அக்கா வாசலில் நிற்கிறது. உள்ளே அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அப்போது உங்களை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. "அவளை விட்டுடுங்க மாமா, எனக்குன்னு வேற யாரும் இல்ல" என்றும் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் அக்கா வாசலில் நிற்கிறாள். கையில் தண்ணீர் சொட்டுகிறது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பாள். கிட்டே வந்து ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்கா." சாவியைக் கையில் காட்டினேன்.

"எனக்கு ஓடுதே" என்றாள். "எறங்குடா."

இறங்கினேன். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்து கதவோரமே நின்றேன். அவள் ஏறவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக்கு வந்தாள். நானும் வண்டியில் கை வைத்தேன். எஞ்சின் ஓடாத வண்டி, மாமா. என் உள்ளங்கையில் அது மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. சத்தம்தான் எனக்குக் கேட்காது, அதிர்வு தெரியும். தறியில் கை வைத்தே ஓடுகிறதா நிற்கிறதா என்று சொன்னவன் நான்.

அக்கா வெகுநேரம் கையைத் தூக்கவில்லை. பிறகு, "கை ஈரமா இருந்துச்சுங்க. அதான் லேட்டாயிடுச்சு" என்றாள். உங்களிடம்தான் சொன்னாள். ஈரக் கையாலேயே ரெண்டு தட்டு தட்டினாள்.

கைக்குக் கீழே அதிர்வு நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், முள் விழுந்து கிடந்தது.

எங்கள் இருவரைத் தவிர தெருவில் யாரும் இல்லை. கொஞ்சம் தள்ளி நடுரோட்டில் எப்போதும் படுத்திருக்கும் அந்தச் செவலை நாய் தலையைத் தூக்கியது. எழுந்து, சோம்பலாக ஓரத்துக்கு நகர்ந்து நின்றது. எதையோ போகவிட்டது. பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் படுத்துக்கொண்டது. போனது தெருமுனை திரும்புகிற வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போனாள். போகும்போது, "மாவு இருக்குது, தோச ஊத்தறேன். உனக்கும் சேத்து" என்றாள். அன்று அவள் சாப்பிட்டாள், மாமா. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய மீட்டர், ஓங்கித் தட்டினால் முள் விழத்தான் செய்யும் என்று சின்னப்பன் சொல்லுவான். சொல்லட்டும். நாய்க்கு என்ன சொல்லுவான்?

அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் முள் பொட்டுக்கு இறங்கவில்லை. ஒழுங்காக ஓடுகிற மீட்டரைப் பார்க்க எனக்கு அழுகை வருகிறது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பொட்டை எடுத்துவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள். நேற்றிலிருந்து வண்டியை அவள் வாசலிலேயே நிறுத்துகிறேன். இன்று காலை பெட்டியை ஏற்றிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். அக்கா வந்து தட்டினாள். எனக்குக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த கைக்குத் தெரிந்தது. கிளம்பினேன்.

இனி அவள் தட்டாமல் நான் கிளம்பமாட்டேன், எத்தனை போன் வந்தாலும் சரி. எந்த வீட்டு வாசலுக்கும் உங்களைப் போலவே சத்தமில்லாமல் போவேன். இந்த இரண்டுக்கும் என் வாக்கு. உங்களைக் கொண்டுபோன அன்று முறைப்படி உங்களிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லாமலே முடிக்கிறேன்.

உங்கள் தனத்தின் தம்பி,
செவிட்டு மச்சான் கோதண்டம்