சீட்டில் இரண்டு பேர்

அன்புள்ள அத்தைக்கு உங்கள் மருமகள் எழுதுவது. முட்டி வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

பார்சல் வேனில் தனியாகப் போனால் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், இருவர் மாற்றி ஓட்டினால் பன்னிரண்டு என்பது எங்கள் கம்பெனி சட்டம். உங்கள் மகன் தவறிப்போய் மூன்று மாதமாகியும் காலையில் ஆபீசில் கொடுக்கும் சீட்டில் பழக்கத்தில் "இரண்டு பேர்" என்றே எழுதி, பன்னிரண்டு மணி நேரமும் நானே ஓட்டியிருக்கிறேன்.

நேற்று சூப்பர்வைசர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "கூட யாரு அக்கா?" என்றார்.

"அவருதான்" என்று வாயில் வந்துவிட்டது.

"இப்படி ஓட்டினா உடம்பு என்னத்துக்கு ஆகும் அக்கா?" என்றாரே தவிர, திட்டவில்லை. வேலைக்கும் ஆபத்தில்லை, பயப்படாதீர்கள்.

இனி ஐந்து மணிக்கே அறைக்கு வந்துவிடுவேன். அந்நேரம் போன் பண்ணுங்கள். பேச ஒன்றுமில்லையென்றால் பழையபடி திட்டவாவது செய்யுங்கள்.

லோடு ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன். இன்றைய சீட்டில் "ஒருவர்" என்று எழுதிவிட்டேன் அத்தை.