யாரும் குடிவராத மாதங்கள்

மதுரை,
1938, ஆனி 20

அன்புள்ள மச்சானுக்கு,

ரங்கூனிலிருந்து மணியார்டர் வந்தது. செய்தி எழுதும் இடம் இந்த முறையும் காலி.

நீங்கள் இதுவரை அனுப்பியதில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமென்று, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒன்றைப் பார்த்தேன். இரண்டு குடித்தனம் இருக்கலாம். தரகர் காசிமாயன் பன்னிரண்டு மாத வாடகையையும் கூட்டி, அதை வைத்து விலை சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அங்கே குடியிருக்கும் முனியாயியிடம் கிணற்றடியில் பேச்சுக் கொடுத்தேன். "பக்கத்துக் குடித்தனக்காரவுக இப்பத்தான் காலி பண்ணிட்டுப் போனாக. இனி ஆடியில எவன் பால் காய்ச்சிக் குடி வருவான்? புரட்டாசி, மார்கழியும் அப்படித்தான்" என்றாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை!

அந்த மூன்று மாதத்தைக் கழித்து விலை பேசினேன். தரகர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தது. இப்போதெல்லாம் பூட்டிய வீட்டைக் கண்டால், எத்தனை மாதமாகப் பூட்டியிருக்கிறது என்று விசாரிக்காமல் கால் நகர்வதில்லை.

முன்பணம் கொடுத்துவிட்டேன். முனியாயி இருக்கும் பாகத்துக்கு வாடகை வரும். காலியான பாகத்தை, நீங்கள் வந்தால் நாம் இருக்கலாமென்று யாருக்கும் விடாமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் போய் நாலு ஆடி ஆகிவிட்டது. இன்னும் எத்தனை மாதம் கழிக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி