ஓடாத விசிறிக்கு ஒரு மண்மேடு

மார்ச் 4, புதன்

மண் மாதிரி எடுக்கும் துளைக்கோலைத் திருகித் திருகி உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. மேலாளருக்கு அதைப் பற்றியா கவலை? "அறிக்கை எப்ப வரும்?" என்றார்.

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் காற்றைச் செலுத்திய ராட்சத விசிறி நின்ற முற்றம் இது. சுரங்கம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டதால் விசிறியை நிறுத்திவிட்டார்கள். நிலத்தை உரியவருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று கறுப்பு மண் பரப்பி இரண்டு முறை விதைத்தும் பார்த்தாயிற்று. புல்கூட முளைக்கவில்லை. உப்பு மண் என்கிறார்கள் எல்லோரும். "பயிருக்கு உதவாத நிலம்" என்று மண் ஆய்வாளராகிய நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், இது காலத்துக்கும் இரும்புச் சாமான் கிடங்குதான்.

நிலத்துக்கார அம்மா வேலிக்கு வெளியே நின்றிருந்தார். என்னையும் மேலாளரையும் ஒரே பார்வையில் சேர்த்துத்தான் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 6

உப்பு இல்லை. அது மட்டும் நிச்சயம். பின்னே என்ன?

மார்ச் 9, திங்கள்

துளைக்கோலை ஓரங்கட்டிவிட்டு இடுப்பளவுக்குக் குழியே வெட்டவைத்து உள்ளே இறங்கினேன். கறுப்புக் கட்டி ஒன்றை உடைத்தால் உள்ளே மஞ்சள் கறை, தீக்குச்சி உரசிய வாடை. தண்ணீரில் கரைத்துச் சோதனைத் தாளை நனைத்தேன். சிவந்துவிட்டது. அத்தனையும் அமிலம்.

இது மண்ணே இல்லை! சுரங்கவாய் தோண்டும்போது நிலக்கரியை ஒட்டி வெளியே வந்த பாறை. வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து பொடியாகிக் கிடந்திருக்கிறது. கறுப்பாக இருக்கிறதே, வளமான மண்தான் என்று எவரோ அள்ளிப் பரப்பிவிட்டார்கள். நிறத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள், படித்தவர்கள் எல்லாரும்.

சரி, முற்றம் போடுமுன் வழித்தெடுத்த உண்மையான மேல்மண் எங்கே போயிற்று?

என் கணவரின் துணி வெட்டும் மேசை முழுக்க மண்ணைக் காயப்போட்டிருக்கிறேன். மிச்சத் துணியில் மண் மாதிரிக்குப் பூப்போட்ட பைகள் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். "தையல்காரன் மேசையில வெள்ளைத் துணி வைக்க இடமில்ல. வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்று முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்து தைத்தார். பாவம்தான்.

மார்ச் 11

மேல்மண் எங்கே என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டேன். ரோட்டுக்குப் போனது என்றார் ஒருவர். மழையில் கரைந்தது என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு கதை.

மார்ச் 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். நானேதான்!

விசிறி ஓடிய காலத்தில், பக்கத்து வீடுகளில் ஜனங்கள் தூங்கவேண்டுமே என்று இரைச்சலைத் தடுக்க முற்றத்தைச் சுற்றி ஒரு நீண்ட மண்மேடு எழுப்பியிருந்தார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். காலில் ஏதோ அரித்தது. பார்த்தால் புல். முற்றத்தில் ஒன்றுகூட முளைக்காத புல், இங்கே முழங்கால் உயரத்துக்கு. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மேட்டைக் குடைந்தேன். பழுப்பு மண். மண்புழு. இன்னும் உள்ளே, மக்கிப்போன சோளத்தட்டையின் வேர்.

தினமும் நிழலுக்கு ஒதுங்கிய மேடு! விட்டால் ஆடியிருப்பேன். மேலாளரிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வேலியோரம் ஓடி நிலத்துக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை.

"கிடைச்சா ஆச்சா? அதைப் பரப்புவாங்களா?"

மார்ச் 15, ஞாயிறு

மேட்டில் கைவைக்க முடியாதாம், மேலாளர் சொல்லிவிட்டார். அங்கீகரித்த வரைபடத்தில் அது "சத்தத் தடுப்பு"தானாம். "உதவாத நிலம்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு நாளைக்கே கோப்பை மூடணுமாம். போடமாட்டேன். என்ன செஞ்சிடுவாங்க? வேலையை விட்டு அனுப்புவாங்க, அவ்வளவுதானே. அவ்வளவுதானா? பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போடமாட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கூட்டத்தில் மேலாளர் வரைபடத்தை விரித்து மறுபடியும் அதையே சொன்னார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"எந்தச் சத்தத்தைத் தடுக்க, சார்? விசிறிதான் ஓடலையே."

டீசல் சீட்டு வாங்க வந்து வாசலில் நின்ற புல்டோசர்காரர் மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, "எழுதிக் கொடுங்க. நானே மேல அனுப்பறேன்" என்றார். முற்றத்துக்கு வந்து தன் கையாலேயே சோதனைத் தாளை நனைத்தும் பார்த்தார். நல்ல மனிதர்தான், வரைபடத்தை விட்டு வெளியே வரத்தான் நேரமாகிறது.

ஏப்ரல் 20, திங்கள்

அனுமதி வந்துவிட்டது. கறுப்பை வழித்து, சுண்ணாம்பு கலந்து, ஆழத்தில் புதைத்து, மேலே களிமண் மூடவேண்டும். லாரி ஏறி இறுகிய தரையைக் கீறிவிட்டு, அதன்மேல் மேட்டு மண். இனி மாதிரி காயப்போட வேண்டாம் என்று கணவர் மேசையைக் கழுவிக்கொண்டார்.

மே 6, புதன்

இன்று தொண்டை போயிற்று. மண்ணைப் பரப்பி முடித்த புல்டோசர்காரர், அழகாக இருக்கட்டும் என்று அதன்மேலேயே ஏறி இறங்கி இஸ்திரி போட்டமாதிரி அழுத்திவைத்திருந்தார். முகத்தில் எவ்வளவு பெருமை! வேர் இறங்க வழியில்லாமல் செய்துவிட்டாரே என்று கத்திவிட்டேன். கூட்டத்தில் எனக்காகச் சிரித்த ஒரே ஆள் அவர். மனசு கேட்காமல் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு முழுவதையும் மறுபடி கீறிக் கொடுத்தார்.

ஜூலை 2

விதைத்த சோளம் முளைத்துவிட்டது. வரிசை வரிசையாக.

செப்டம்பர் 18, வெள்ளி

காலையில் புதிய விசிறி முற்றத்துக்கான திட்டம் கொடுத்தேன். மேல்மண் குவியலுக்கும் பாறைக் குவியலுக்கும் தனித்தனி இடம், தனித்தனிப் பலகை. மேலாளர் ஒரு வரியையும் அடிக்கவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுத்த தாளையும் காட்டினார், போன வாரத் தேதியில்.

திரும்பும் வழியில் கால் தானாகப் பழைய முற்றத்துக்குத் திரும்பியது. சோளம் தோளுக்கு மேல் நின்றது. வழக்கம்போல் துளைக்கோலோடு நடுவில் இறங்கி நாலடி வைத்திருப்பேன்.

"ஏம்மா, யாரைக் கேட்டு உள்ள வந்தே? கதிர் சாயுது பாரு. ஓரமாப் போ!"

நிலத்துக்கார அம்மா. இந்த முறை வேலிக்கு உள்ளே, இடுப்பில் கை. நான்தான் வெளியாள். பல்லைக் காட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். வந்த வழியே வெளியேறி, ஓரமாகவே சுற்றிக்கொண்டு வீடு வந்தேன்.