எத்தனை பேருக்கு ஏர் ஃப்ரையர்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்னும் கோபம் ஆறவில்லை. எண்ணெயும் கேஸும் மிச்சமாகும் என்று மருமகள் ரசியா ஏர் ஃப்ரையர் வாங்க என்னை ராமநாதபுரம் கூட்டிப்போனாள். கடைக்காரர், "வீட்டுல எத்தன பேரும்மா?" என்று கேட்டார். "பதினொன்னு" என்றேன். ரசியா குறுக்கிட்டு, "நாங்க ரெண்டு பேரு, எம் மக, மூணுதாங்க. மத்தவுகள்லாம் துபாய், சவூதின்னு இருக்காக" என்றாள். அவர் உடனே சின்னச் சோற்றுச்சட்டி அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு முழு விளமீன்கூட அதில் படுக்காது.

"சுத்தி உக்காந்து ஒரே சகன் தட்டுல சாப்பிடுற வீடு. பெருநாளைக்கு எம் புள்ளைக வந்தா இதுல யாருக்குப் பொரிக்கிறது?"

"எப்பவோ வாரவுகளுக்காக பெருச வாங்கி தெனம் கரண்டுக்குக் கட்டணுமா மாமி?"

கடைக்காரர் சிரித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பெரிய சட்டியை ஏற்றி, எங்கள் மூவருக்கும் மீன் பொரித்தேன். அடியில் மூன்று துண்டு, மேலே அத்தனை எண்ணெய். அவள் சொன்னதும் சரிதான்.

நாளைக்கு அந்தச் சின்னதையே வாங்கிக்கொள்ளட்டும். அவள் மட்டும் போகட்டும். மூன்று பேர் என்று யாரிடமும் என் வாயால் சொல்ல மாட்டேன்.