சீர்த்தட்டில் வந்த லேப்டாப்

ஜூன் 3, 2025, செவ்வாய்

லேப்டாப் காலையிலிருந்து மாவு மில் மாதிரி இரைகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். எல்லாம் தெரிந்த பெயர்கள், ஒன்றைத் தவிர: wsynchelp.exe. பத்து வருஷமாக வீட்டிலிருந்தே ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கடிதம் அடித்துத் தருகிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மூடினால் அடுத்த நிமிஷமே திரும்ப வருகிறது.

மத்தியானம் காங்கேயத்திலிருந்து அண்ணன் போன். "ஏனம்மணி, பாகம் கேக்கறக்கு வக்கீலம்மாவுக்கு எழுதினயாமா? அப்பா போயி இன்னும் வருசம் திரும்பலயே."

போனை வைத்துவிட்டேன். போன ஐப்பசியில் அப்பா உயில் எழுதாமல் போனார். அன்றிலிருந்தே நிலம் முழுக்கத் தனக்கே என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறான் அண்ணன். எங்கள் பக்கம் கூடப் பொறந்தவள்கள் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். நான் வக்கீலம்மாவிடம் யோசனைதான் கேட்டேன், ஒரே ஒரு மெயிலில். அது வீட்டுக்காரர், இவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நீங்கதான் சொல்லிப்போட்டீங்க" என்று இவரிடம் கத்தினேன். "நான் எதுக்கு லோகா சொல்லப் போறேன்?" என்றார். சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 4

ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரம்ஷாவைக் கேட்டேன். போனிலேயே ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னாள். ரைட் கிளிக் செய்து ஃபைல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். விண்டோஸுக்குச் சொந்தமான இடம் இல்லை. டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா? இருக்கிறது, ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி. ஆன்ட்டிவைரஸ், பிரச்சினை எதுவும் இல்லை என்று பச்சை டிக் போட்டது.

"ஃபைலையே நெட்ல ஏத்தாதீங்கக்கா. அதோட ஹாஷை மட்டும் எடுத்துத் தேடுங்க" என்றாள். ஹாஷ் என்றால் ஃபைலின் கைரேகையாம். எழுபது ஆன்ட்டிவைரஸ்களின் முடிவை ஒரே பக்கத்தில் காட்டும் தளம் ஒன்றில் தேடினேன். அறுபத்தெட்டு பேர் நல்லது என்கிறார்கள், இரண்டு பேர் இல்லை என்கிறார்கள்.

"ரெண்டு பேர் சொல்றது தப்பாவும் இருக்கலாம். ஆனா என்ன பேர் வெச்சிருக்காங்கன்னு பாருங்க."

இரண்டிலும் 'மானிட்டர்' என்ற சொல் இருந்தது.

ஜூன் 5

இவர் இன்னும் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி

அந்த ஃபைலில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட கம்பெனியின் பக்கத்தைப் படித்தேன். பிள்ளைகளைக் கண்காணிக்கப் பெற்றோருக்கான மென்பொருளாம். அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை திரையின் படமும், வைத்தவரின் மெயிலுக்குப் போகும். 'உங்கள் அன்புக்குரியவர்களின் பாதுகாப்புக்காக.' அன்பாம்!

அப்படியானால் அந்த அறுபத்தெட்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. கம்ப்யூட்டருக்கு இதனால் ஆபத்து இல்லை, எனக்குத்தான்.

ரம்ஷா கடைசியாக ஃபைல் உருவான தேதியைப் பார்க்கச் சொன்னாள். பிப்ரவரி 14.

மகள் இளவேனில் பெரியவளான சீர் பிப்ரவரி 16. தாய்மாமன் என்று அண்ணன் கொண்டுவந்த தட்டுகளில் ஒன்றில்தான் இந்த லேப்டாப் வந்தது, பட்டுப் புடவைக்குப் பக்கத்தில், டப்பா மேல் குங்குமப் பொட்டோடு. "பாப்பா படிக்கவும் ஆச்சு, உன்ற ஆபீஸ் வேலைக்கும் ஆச்சு அம்மணி" என்றான். டப்பா ஏன் பிரித்திருக்கிறது என்று கேட்டேனே! "நல்லா ஓடுதான்னு பாத்துப்போட்டுக் கொண்டாந்தேன்." எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு சபையில் நெஞ்சு நிமிர்த்தி நின்றேன். முட்டாள். சீர்ப் பொருளை யாராவது சந்தேகப்படுவார்களா? அது அவனுக்கும் தெரியும்.

சாயங்காலம் இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி உடு" என்றார். அது சரியாகவில்லை.

ஜூன் 8

அம்மாவிடம் சொன்னேன். "தாய்மாமன் சீர் வெச்ச சாமானையா சோதிச்சுப் பாத்தே? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க கண்ணு?"

அவன் செய்தானா என்று அம்மா கேட்கவே இல்லை.

ஜூன் 11

ஃபைலை இன்னும் நீக்கவில்லை. வேண்டுமென்றேதான். ஒருவேளை அண்ணன் இல்லை, லேப்டாப்பை விற்ற கடைக்காரன் வைத்தது என்று இருந்துவிட்டால்? அப்படி இருக்கட்டும் என்று இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது.

இன்று அதில் ஒரு கடிதம் அடித்தேன், யாருக்கும் இல்லை. 'மனசு மாறிவிட்டது. அண்ணன் நேரில் வந்து கேட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.' யாருக்கும் அனுப்பவில்லை. வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வந்துவிட்டான். காங்கேயத்திலிருந்து இங்கே மதுக்கரை வீட்டுக்கு, ஒரு பை மாம்பழத்தோடு.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அம்மணி."

"வாங்கண்ணா, உக்காருங்க" என்றேன். இந்த வாய் வேறு எப்படிப் பேசும்? காபி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தான். பக்கங்களில் பென்சிலில் புள்ளி வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"எங்கீங்கண்ணா போடோணும்?"

காட்டினான்.

"நான் போடறேன்னு உங்களுக்கு யாருங்ணா சொன்னாங்க?"

தம்ளரைக் கீழே வைத்தான். லேப்டாப்பைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தான் அம்மணி" என்றான்.

மாம்பழப் பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வீடு முழுக்க அந்த வாசனை.

ஜூன் 14

ரம்ஷா வந்து எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாள். அதற்கு முன்னால் ஆதாரங்களைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள், எடுத்தேன். ஆனாலும் கேஸ் வேண்டாம் என்றுதான் இருந்தது. நிலம் போனால் போகட்டும், பொறந்த வீடு என்று ஒன்று வேண்டாமா? இனி அவன் முகத்தில் விழிக்காமல் இருந்துகொண்டால் போதும்.

ஜூன் 15, ஞாயிறு

இளவேனில் கதவோரம் நின்று கேட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது.

"அம்மா, ஸ்கூல் விட்டு வந்து நானும் அதுலதான அடிப்பேன். பிரெண்ட்ஸ்கிட்ட பேசறது, அப்பறம்... நானா எழுதறதெல்லாம். அதையும் மாமா படிச்சிருப்பாங்களா?"

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, நாளைக்கே வருகிறேன் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

காலை பத்தரைக்கு வக்கீலம்மா ஆபீஸ். பாக வழக்குக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். இவரும் கூட வந்தார்.

லேப்டாப் மேஜை மேல் மூடியே கிடக்கிறது. சாயங்காலம் கடைக்குக் கூட வந்த இளவேனில் ஒரு நோட்டு வாங்கித் தரச் சொன்னாள், என்னுடைய இந்த டைரி மாதிரி. பூட்டு வைத்ததாகப் பார்த்து எடுத்தாள். இரண்டு சாவி இருந்தது. இரண்டையும் அவளே வைத்துக்கொண்டாள்.