தீபாவளிப் பொட்டலம்

போர்ட் கிள்ளான்
5.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உஷா எழுதறேன். போன்ல பேசினா அழுதுடுவேன், அதான் காகிதம். நீங்களும் அண்ணனும் சுகமா இருக்கணும்.

தீபாவளியும் அதுவுமா உங்க வீட்டுக்கு வந்தா, கடையில வாங்கின சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சீங்க. நீங்க எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்த நாளா உங்க கையால சாப்பிடாம நான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பினதில்லை. எம் பொண்ணு ஷாமினி, பத்து வயசாகியும், ஒரு வாய் ஊட்டச் சொல்லி உங்க மடியில ஏறினா. எழுந்து பால்கனிக்குப் போயிட்டீங்க. மே மாசம் டைபாய்டுல கிடந்த பிள்ளை, அண்ணி. டெங்கின்னு நினைச்சு பப்பாளி இலைச் சாறும் நண்டு சூப்பும் கொடுத்து நாங்க தவிச்ச தவிப்பு உங்களுக்குத் தெரியாதா? நோய் வந்த பிள்ளைன்னு அருவருப்பா? எங்களை வேண்டாம்னா நேரா சொல்லிடுங்க. இனி உங்க வாசப்படி மிதிக்கமாட்டோம்.

மனம் நொந்து,
உஷாராணி

பிரிக்பீல்ட்ஸ்
12.11.2024

உஷா கண்ணு,

உன்னையா வேண்டாம்னு சொல்வேன், பைத்தியக்காரி.

பிள்ளைக்கு டைபாய்டுன்னதும் சுகாதார இலாகாவிலிருந்து வந்து, அவளுக்குச் சமைச்சுப் போட்டவங்களை எல்லாம் சோதிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? உங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லை. எனக்கு இருந்தது. காய்ச்சலில்லை, வலியில்லை, ஆனா கிருமி என் பித்தப்பையில குடியிருக்காம். சிலபேர் ஒரு நோவும் இல்லாம இதை வருஷக்கணக்கா சுமப்பாங்களாம். மலத்துல வெளியேறி, கைவழியா சாப்பாட்டுல சேருமாம். எத்தனையோ நாட்டுல இன்னமும் பிள்ளைங்க இதுல சாகுதுன்னு டாக்டர் சொன்னப்போ எனக்குத் தலை சுத்திடுச்சு. சித்திரைப் புத்தாண்டுக்கு நான் ஊட்டின தயிர்சாதம்தான் ஷாமினியைப் படுக்கப் போட்டிருக்கும்.

நான் கை கழுவாதவ இல்லை உஷா. என்னைக்கு அவசரத்துல சரியா கழுவாம விட்டேனோ, தெரியலை. அந்தக் கையால மறுபடி எப்படி ஊட்டுவேன்? சொன்னா என்னை வெறுத்துடுவியோன்னு பயம். உங்க அண்ணன் வாயையும் நான்தான் கட்டிப் போட்டேன்.

மாத்திரை சாப்பிட்டும் போகலை. பித்தப்பையில கல் இருக்காம், ஜனவரியில பையோட எடுத்துடப் போறாங்க. அதுவரைக்கும் அடுப்பங்கரை உங்க அண்ணன் ராஜ்யம். மனுஷன் சாம்பார் வெச்சா பக்கத்து வீட்டு அங்கிள் ஜன்னலைச் சாத்துறார்.

இனி வரதும் வராததும் உன் இஷ்டம்.

உன் அண்ணி,
தனலெட்சுமி

போர்ட் கிள்ளான்
18.11.2024

என் அண்ணிக்கு,

படிச்சதும் சிரிச்சேன், அப்புறம் ஓன்னு அழுதேன். ஷிப்ட் முடிஞ்சு வந்த எங்க வீட்டு மனுஷன் யாரோ செத்துட்டாங்கன்னு பயந்துட்டார். அப்பாடா, அண்ணிக்கு நம்ம மேல வெறுப்பில்லை. எனக்கு அது போதும்.

கோபமும் இருக்கு லா. இத்தனை மாசம் தனியா வெச்சுக்கிட்டுக் குமைஞ்சிருக்கீங்களே, நானென்ன செத்தா போயிட்டேன்? வேணும்னா செஞ்சீங்க? உங்களுக்கே தெரியாம உங்க உடம்புக்குள்ள இருந்தது. ஷாமினி இப்ப ஸ்கூல் நெட்பால் டீம்ல ஓடறா, பிடிக்க முடியலை. ஆபரேஷனுக்கு லீவு போட்டுட்டு வரேன். நான் சமைக்கிறேன், நீங்க உட்கார்ந்து குறை சொன்னா போதும்.

உஷா

பிரிக்பீல்ட்ஸ்
4.3.2025

உஷா கண்ணு,

நீ வந்து பார்த்துக்கிட்டதுல புண் சீக்கிரம் ஆறிடுச்சு. அதுக்கப்புறம் அடுத்தடுத்து எடுத்த சோதனை எல்லாமே சுத்தம். இனி தாராளமா சமைக்கலாம்னு நேத்து டாக்டர் சொல்லிட்டார். வீட்டுக்கு வந்ததும் ரசம் வெச்சேன். உங்க அண்ணன் தம்ளர் தம்ளரா குடிச்சார்.

பதினாறாம் தேதி ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாங்க. ஆனா ஒண்ணு கேட்கணும். டாக்டர் சொல்லிட்டார், ஆனா பெத்தவ நீ. நான் சமைக்கவா, இல்லை கடையில சொல்லிடவா? மனசுல பட்டதைச் சொல்லு, வருத்தப்படமாட்டேன்.

தனலெட்சுமி

போர்ட் கிள்ளான்
10.3.2025

அண்ணி,

இதையெல்லாமா கேட்பாங்க? ஞாயித்துக்கிழமை காலையில இங்க நான் அடுப்பே பத்தவைக்கமாட்டேன். மூணு பேரும் வெறும் வயித்தோட வரோம்.

உஷா